எண்ணெய் வயலில் முதல் லாரி வேலை

நேயர்களுக்கு வணக்கம். கடலூர், புதுச்சேரி, காரைக்கால் பகுதிகளில் ஹெவி லைசென்ஸ் எடுத்துவிட்டு வேலை தேடும் இளைஞர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி, "ஆயில் வண்டி வேலைக்கு எப்படிப் போவது?" என்பதுதான். லாரி ஓட்டிப் பிழைத்து, இப்போது ஓட்டுநர்களுக்குப் பயிற்சி கொடுத்துவரும் எனக்கு, அந்தக் கேள்விக்கு இந்த வானொலி வழியாக விரிவாகப் பதில் சொல்ல வாய்ப்புக் கிடைத்ததில் மகிழ்ச்சி.

பலருக்குத் தெரியாத ஒரு விவரத்திலிருந்து தொடங்குகிறேன். காவிரிப் படுகையில் எண்ணெய், எரிவாயு எடுக்கும் ஓ.என்.ஜி.சி. நிறுவனத்தின் அலுவலகம் காரைக்காலில் இருக்கிறது. நரிமணம், கமலாபுரம், அடியக்கமங்கலம், குத்தாலம் என்று டெல்டா முழுவதும் அதன் வயல்கள் பரவியிருக்கின்றன. நம் கடலூர் மாவட்டத்துப் புவனகிரியும் அந்த வரிசையில் உண்டு. ஆனால் அந்த அலுவலக வாசலில் போய் நின்று டிரைவர் வேலை கேட்பதால் பெரும்பாலும் பயன் இல்லை. அந்த வயல்களில் ஓடும் லாரிகளில் மிகுதியானவை ஒப்பந்ததாரர்களுடையவை. ஓட்டுநரை வேலைக்கு எடுப்பவரும் சம்பளம் கொடுப்பவரும் அவர்களே. ஆகவே நீங்கள் தேடிப் போக வேண்டிய இடம், டெண்டர் எடுத்து வண்டி விட்டிருக்கும் உரிமையாளர்களின் லாரி ஷெட்டுகள்தான்.

எண்ணெய் வயல் வேலை என்றால் எண்ணெய் ஏற்றிச் செல்வது மட்டுமே என்று நினைத்துவிட வேண்டாம். குழாய் இணைப்பு இல்லாத கிணறுகளிலிருந்து கச்சா எண்ணெயைச் சேகரிப்பு நிலையத்துக்குக் கொண்டு போகும் டேங்கர்கள் ஒரு வகை. எண்ணெயோடு சேர்ந்து மேலே வரும் உப்புநீரை அப்புறப்படுத்தும் டேங்கர்கள் இன்னொரு வகை. துளையிடும் ரிக்கை ஓரிடத்தில் பிரித்து வேறோரிடத்தில் நிறுத்தும்போது அதன் கோபுரத்தையும் பம்புகளையும் சுமக்கும் டிரெய்லர்கள், இரும்புக் குழாய், சிமென்ட், ரசாயன மூட்டைகள் ஏற்றும் சாதாரண லாரிகள் எல்லாம் அங்கே ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. முதல் வேலை தேடும் பையன் நேரே கச்சா எண்ணெய் டேங்கரில் ஏறி உட்கார முயலாமல், தண்ணீர் வண்டியிலோ குழாய் ஏற்றும் லாரியிலோ நுழைவதே நல்லது என்பது என் கருத்து. வயலின் ஒழுங்கைக் கற்றுக்கொள்ள அதுவே போதும். அங்கே உங்கள் நடத்தையைப் பார்க்கும் கண்கள் நிறைய உண்டு. அடுத்த வண்டிக்கு உங்கள் பெயரைச் சொல்லப் போகிறவர்கள் அவர்கள்தான்.

இனி உரிமத்துக்கு வருகிறேன். லாரி போன்ற போக்குவரத்து வாகனம் ஓட்ட 20 வயது நிரம்பியிருக்க வேண்டும். அதற்குப் பழகுநர் உரிமம் பெறவே, இலகுரக வாகன உரிமத்தை ஓராண்டாவது கையில் வைத்திருக்க வேண்டும். எட்டாம் வகுப்புத் தேர்ச்சி கட்டாயம் என்றிருந்த விதி 2019-இல் நீக்கப்பட்டுவிட்டது. ஆனால் அபாயகரமான பொருள் ஏற்றும் வண்டிக்கு அந்தச் சலுகையை அப்படியே நம்பிவிட முடியாது. 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளின் 9-ஆவது விதிப்படி, அத்தகைய வண்டியை ஓட்டுபவருக்கு ஆங்கிலமும், அரசமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள இந்திய மொழி ஒன்றும் எழுதப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். அங்கீகரிக்கப்பட்ட நிலையத்தில் மூன்று நாள் பயிற்சி முடித்து, அந்தச் சான்றிதழை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் காட்டி, உரிமத்தில் பதிவு செய்துகொள்ள வேண்டும். நம் ஓட்டுநர்கள் "ஹசாட் லைசென்ஸ்" என்று சொல்வது இதைத்தான். முன்பு ஓராண்டாக இருந்த இதன் காலம், 2019 சட்டத் திருத்தத்துக்குப் பின் மூன்றாண்டு. சாதாரணப் போக்குவரத்து உரிமத்துக்கு ஐந்தாண்டு.

சில இடைத்தரகர்கள் வகுப்புக்கே போகாமல் சான்றிதழ் வாங்கித் தருவதாகச் சொல்வார்கள். அந்தப் பேச்சுக்குக் காது கொடுக்காதீர்கள். அந்த மூன்று நாளில்தான் வண்டியின் பின்னால் எழுதியிருக்கும் எண்கள் என்ன சொல்கின்றன என்பது புரியும். 1203 என்றால் பெட்ரோல், 1202 என்றால் டீசல், 1267 என்றால் கச்சா எண்ணெய். விபத்து நடந்தால் தீயணைப்புப் படையினர் முதலில் பார்ப்பது அந்தப் பலகையைத்தான். ஓட்டுநர் அறையில் இருக்க வேண்டிய 'டிரெம் கார்டு' என்னும் அவசரகாலக் குறிப்பட்டையை வாசித்துப் புரிந்துகொள்ளத் தெரியாதவர், தன் முதுகுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரியாமலே வண்டி ஓட்டுகிறார்.

உரிமம் வந்துவிட்டது, அனுபவத்துக்கு எங்கே போவது? இந்த இடத்தில் கடலூர்க்காரர்களுக்கு ஒரு வசதி உண்டு. சிதம்பரம் சாலையில் குடிகாடு பக்கம் இருக்கும் சிப்காட் தொழிற்பேட்டைக்கு ரசாயன டேங்கர்கள் தினமும் வந்து போகின்றன. அவற்றில் இரண்டாவது டிரைவராகவோ, அது கிடைக்காவிட்டால் கிளீனராகவோ ஏறுங்கள். லைசென்ஸ் எடுத்த கையோடு கிளீனர் வேலையா என்று முகம் சுளிப்பவர்களைப் பார்க்கிறேன். வீட்டில் பெற்றோரும் அதைக் கௌரவக் குறைவாக நினைக்கிறார்கள். ஆனால் வால்வையும் ஹோஸையும் தன் கையால் பூட்டிக் கழற்றிப் பழகியவனுக்கும், ஸ்டீயரிங்கை மட்டும் பிடித்துப் பழகியவனுக்கும் உள்ள வேறுபாடு, டேங்கர் உரிமையாளருக்கு முதல் நாளிலேயே தெரிந்துவிடும்.

அந்த வேறுபாட்டைப் பற்றித்தான் இன்று முக்கியமாகப் பேச வந்தேன். எண்ணெய் வண்டி ஓட்டுநரின் திறமை, வண்டி ஓடும் நேரத்தைவிட அது நிற்கும் நேரத்தில்தான் அதிகம் தேவைப்படுகிறது. லோடு ஏற்றும் இடத்தில் வண்டி நின்றதும் எஞ்சினை அணைத்து, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, பேட்டரி இணைப்பைத் துண்டிக்க வேண்டும். அதற்கடுத்து, மூடி எதையும் திறப்பதற்கு முன்பே, எர்த் வயரை மாட்ட வேண்டும். குழாய்க்குள் எண்ணெய் வேகமாகப் பாயும்போது நிலைமின்சாரம் உண்டாகிறது. அது தரைக்கு இறங்க வழியில்லாமல் தொட்டியில் தங்கினால், கண்ணுக்குத் தெரியாத ஒரு பொறி போதும், ஆவி பற்றிக்கொள்ளும். எர்த் வயரை மாட்டுவது முதல் வேலை, கழற்றுவது கடைசி வேலை.

ஒரு பயிற்சி வகுப்பில் நான் கண்டதைச் சொல்கிறேன். எர்த் வயரை மாட்டச் சொன்னேன். ஒரு பையன் மிகச் சுறுசுறுப்பாக ஓடி, டேங்கரின் ஏணிக் கம்பியில் கிளிப்பைக் கவ்வவிட்டுவிட்டு நிமிர்ந்து நின்றான். பார்த்தவர்களுக்கு வேலை முடிந்துவிட்டது போலத்தான் இருந்தது. ஆனால் அந்த ஏணிக்குப் புதிதாகப் பெயின்ட் அடித்திருந்தார்கள். கிளிப்பின் பல், பெயின்ட்டைத் தாண்டி இரும்பைத் தொடவே இல்லை. கிளிப்பைக் கழற்றி, வண்டியில் அதற்கென்றே விடப்பட்டிருந்த பித்தளைக் கட்டையைத் துணியால் துடைத்து, அதில் மாட்டிக் காட்டினேன். அதன் பிறகு அந்தப் பையன் எந்த வண்டிக்கு அருகில் போனாலும் முதலில் அந்தப் பித்தளைக் கட்டையைத் தேடுவதைக் கவனித்தேன். இப்படிப்பட்ட கண் இருப்பவர்களைத்தான் உரிமையாளர்கள் தேடுகிறார்கள்.

காலி டேங்கரைப் பற்றியும் சொல்ல வேண்டும். எண்ணெயை இறக்கிவிட்டால் ஆபத்து நீங்கிவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். எரிவது திரவம் அன்று, அதன் ஆவி. காலித் தொட்டிக்குள் அந்த ஆவியும் காற்றும் கலந்து நிற்கின்றன. ஆகையால் நிறைந்த வண்டியைவிடக் காலி வண்டி எளிதில் வெடிக்கலாம். வாயுவை முழுவதும் வெளியேற்றிச் சான்று பெறாத தொட்டியில், சாலையோரப் பட்டறையில் நிறுத்தி வெல்டிங் வைக்க ஒருபோதும் சம்மதிக்காதீர்கள். முதலாளியே சொன்னாலும் சம்மதிக்காதீர்கள்.

பாதி நிறைந்த தொட்டியின் சங்கடம் வேறு. தண்ணீர் பாதியாக இருக்கும் குடத்தை மிதிவண்டியில் கட்டிக்கொண்டு வளைவில் திரும்பியவர்களுக்கு அது தெரியும். உள்ளே திரவம் ஒரு பக்கமாகச் சாய்ந்து வண்டியையே இழுக்கும். பிரேக் பிடித்தபின்னும் முன்னோக்கி ஒரு தள்ளு வரும். கிழக்குக் கடற்கரைச் சாலையின் வளைவுகளிலும், டெல்டாவின் குறுகிய வாய்க்கால் பாலங்களிலும் டேங்கரை மெதுவாகத்தான் திருப்ப வேண்டும். சோதனை ஓட்டம் எடுக்கும் பெரியவர்கள் வேகத்தைப் பார்ப்பதில்லை. கியரை எங்கே குறைக்கிறீர்கள், வளைவுக்கு முன்பா, வளைவிலா என்பதைப் பார்க்கிறார்கள்.

கிணற்று வளாகத்துக்குள் நுழைவதற்கென்றும் நிபந்தனைகள் உண்டு. எண்ணெய் வயலைச் சட்டம் சுரங்கமாகவே கருதுகிறது. அதனால் ஒப்பந்தத் தொழிலாளிக்கும் தொடக்க மருத்துவப் பரிசோதனையும் சுரங்கத் தொழில் பயிற்சியும் தேவைப்படுகின்றன. பருத்தி உடை, தலைக்கவசம், பாதுகாப்புக் காலணி ஆகியவற்றோடுதான் உள்ளே விடுவார்கள். கைபேசியும் தீப்பெட்டியும் வாசலோடு நின்றுவிடும். சில வயல்களில் ஹைட்ரஜன் சல்பைடு என்னும் வாயு வரும். முதலில் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும்; அளவு கூடினால் மூக்கின் நுகரும் சக்தியே மரத்துப்போகும். நாற்றம் நின்றுவிட்டது என்று நிம்மதி அடைவதுதான் உயிருக்கு ஆபத்து. அந்த வாயு காற்றைவிடக் கனமானது என்பதால் பள்ளத்தில் தங்கும். எச்சரிக்கை ஒலி கேட்டால் காற்றடிக்கும் திசைக்குக் குறுக்காக விலகி, மேட்டை நோக்கிப் போக வேண்டும்.

உள்ளூர் வாய்ப்பின் அளவையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். 2020-இல் தமிழ்நாடு அரசு கொண்டுவந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டத்தின்படி, டெல்டாவில் புதிதாக எண்ணெய், எரிவாயுத் துளையிடலுக்கு இடமில்லை. நம் மாவட்டத்தில் காட்டுமன்னார்கோயில், மேல்புவனகிரி, கீரப்பாளையம், பரங்கிப்பேட்டை, குமராட்சி ஆகிய ஐந்து வட்டாரங்களும் அதில் அடங்கும். முன்பே நடந்துவரும் பணிகள் தொடர்கின்றன. அவற்றுக்கு வண்டிகளும் தேவைப்படுகின்றன. ஆனால் பெருகிக்கொண்டே போகும் தொழில் இது அன்று. நெல் விளையும் மண்ணைக் காக்க வந்த சட்டத்தின் மேல் எனக்குக் குறையில்லை. ராஜஸ்தானின் பார்மர், குஜராத்தின் மெஹ்சானா, அசாமின் துலியாஜான் வரை போகத் துணிபவர்களுக்கு வாய்ப்பு அதிகம் என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன்.

எங்கே சேர்ந்தாலும் நியமனக் கடிதம் கேளுங்கள். சம்பளம் எவ்வளவு, டிரிப் பேட்டா எவ்வளவு என்பதைப் பிரித்து எழுதச் சொல்லுங்கள். பேட்டாவைப் பெரிதாகக் காட்டிச் சம்பளத்தைச் சிறிதாக்கினால், பிடிக்கப்படும் வருங்கால வைப்புநிதியும் சிறிதாகும்.

கடைசியாக, வளைகுடா. சவூதி, குவைத், ஓமன் எண்ணெய் வயல்களுக்கு நம் பகுதியிலிருந்து போகிறவர்கள் பலர். அங்கே ஸ்டீயரிங் இடப்பக்கம், ஓட்டுவது சாலையின் வலப்பக்கம். அந்நாட்டு ஹெவி லைசென்ஸைத் தனியாகப் பெற வேண்டும். ஓமனின் பாலைவன வயல்களில் வேகம், திடீர் பிரேக், சீட் பெல்ட் அனைத்தையும் பதிவு செய்யும் கருவி வண்டியிலேயே இருக்கும். புறப்படும் முன் பயணத் திட்டத்துக்கு ஒப்புதல் வாங்க வேண்டும். உள்ளூரில் ஒழுங்காக ஓட்டிப் பழகாதவர்களுக்கு அங்கே வேலை நிலைக்காது.

பத்தாம் வகுப்பு முடிக்காதவர்களின் கடவுச்சீட்டில் குடிபெயர்வுச் சோதனை தேவை என்ற முத்திரை இருக்கும். அவர்கள் இந்த நாடுகளுக்கு வேலைக்குப் போகக் குடிபெயர்வு அனுமதி வேண்டும். ஏஜென்ட் பதிவு பெற்றவர்தானா என்பதை மத்திய அரசின் 'இ-மைக்ரேட்' தளத்தில் பதிவு எண்ணைப் போட்டுப் பார்க்கலாம். பதிவு பெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய கட்டணத்தின் உச்சவரம்பு 30,000 ரூபாயும் அதற்குரிய ஜி.எஸ்.டி.யும்தான். நகையை அடகு வைத்து லட்சக்கணக்கில் கொடுத்துவிட்டு என்னிடம் வந்து நின்ற குடும்பங்களை நினைத்தால் இப்போதும் மனம் பதறுகிறது. சுற்றுலா விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்பதையும், வீட்டு டிரைவர் விசாவில் போய் டேங்கர் ஓட்டலாம் என்பதையும் நம்பாதீர்கள். விசாவில் எழுதியிருக்கும் தொழிலும், ஒப்பந்தத்தில் இருக்கும் தொழிலும், நீங்கள் செய்யப்போகும் தொழிலும் ஒன்றாக இருக்க வேண்டும். தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் சென்னையில் இயங்குகிறது. அங்கேயும் பதிவு செய்துவையுங்கள். புறப்படும் முன், வெளிநாட்டு வேலைக்குப் போகிறவர்களுக்கான பிரவாசி பாரதிய பீமா காப்பீட்டை எடுத்து, அதன் எண்ணையும் ஒப்பந்தத்தின் நகலையும் வீட்டில் ஒருவரிடம் கொடுத்துவிட்டுப் போங்கள். இரண்டாண்டுக்கு 275 ரூபாயும், வரி இருந்தால் அதையும் செலுத்தினால், 10 லட்சம் ரூபாய் வரை பாதுகாப்பு உண்டு. ஏமாற்றப்பட்டதாகத் தெரிந்தால், சென்னையில் உள்ள குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்தில் எழுத்துமூலம் புகார் கொடுக்கலாம். அதற்குப் பணம் கொடுத்த ரசீது வேண்டும். ஆகவே எந்தத் தொகையையும் கையில் ரொக்கமாகக் கொடுக்காமல் வங்கி வழியாகவே செலுத்துங்கள்.

வணக்கம்.