மானின் வாயில் ஒரு கணக்கு

நேயர்களுக்கு வணக்கம்.

நம் நாட்டில் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மானைச் சுட்டால் சிறைதான். அப்படியே பழகிய நமக்கு, அமெரிக்காவில் அரசே நாள் குறித்து மான் வேட்டைக்கு உரிமம் தருகிறது என்றால் மனம் ஒப்பாது. விஸ்கான்சின் மாநிலத்துக்கு முதன்முதலில் போனபோது எனக்கும் ஒப்பவில்லை.

அங்கே முக்கியமான துப்பாக்கி வேட்டை ஒன்பதே நாள். நவம்பர் கடைசியில் வரும். மே, ஜூனில் பிறந்த குட்டிகள் அதற்குள் பால்குடி மறந்து தாமே மேயும். நாள் குறிப்பது எளிது. எத்தனை பெண்மானைச் சுடலாம் என்று முடிவுசெய்வதில்தான் மண்டை காயும். ஒரு கடா பல பெண்மான்களோடு சேரும். கடாக்களை மட்டும் சுட்டால் மந்தை குறையாது. நல்ல மேய்ச்சல் இருந்தால் தாய்மான் இரட்டைக் குட்டி போடும். அதனால் கொம்பில்லாத மானுக்கென்று ஒவ்வொரு பகுதிக்கும் தனி அனுமதிச் சீட்டு.

காட்டு மானை யார் எண்ணுவது? சுட்ட மானின் பல்லிலிருந்து கணக்குப் போடுகிறார்கள். இன்று போனிலேயே பதிந்துவிடலாம். நான் போன காலத்தில் மானை வண்டியில் போட்டுப் பதிவு நிலையத்துக்குக் கொண்டுவருவார்கள். விறைத்த தாடையை நெம்பித் திறந்து, டார்ச் அடித்து, கீழ்க் கடைவாயில் மூன்றாவது பல்லைப் பார்க்க வேண்டும். மூன்று மேடு இருந்தால் அது பால்பல். அது தேய்ந்து, அடியிலிருந்து இரண்டு மேடுள்ள புதுப்பல் முட்டிக்கொண்டிருந்தால் வயது ஒன்றரை. கடாக்களில் ஒன்றரை வயதுக்காரர்கள் எத்தனை பங்கு என்பதை வைத்து, ஆண்டுக்கு எவ்வளவு சாகின்றன என்று கணிக்கிறார்கள். அதைப் பிடித்துக்கொண்டு மொத்தக் கடா, பிறகு பெண்மான், கோடையில் கண்ணில் பட்டதை வைத்துக் குட்டி என்று கணக்கு நீளும்.

பனிக்கும் கணக்கு உண்டு. டிசம்பரிலிருந்து ஏப்ரல் வரை, தரையில் 18 அங்குலப் பனி கிடக்கும் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு புள்ளி. குளிர் மைனஸ் 18 செல்சியசுக்கு இறங்கினால் இன்னொன்று. புள்ளி 100ஐத் தொட்டால் மிகக் கொடிய குளிர்காலம். அதன் பிறகு வடக்கே பெண்மான் சீட்டுகளைக் குறைத்துவிடுவார்கள்.

அந்த வடக்கில் ஒரு சீடார் மரக்காட்டில் நடந்திருக்கிறேன். மான் எம்பி எட்டும் உயரம் வரை ஓர் இலை இல்லை, கத்தரித்த மாதிரி ஒரே மட்டம். கீழே ஒரு நாற்றும் இல்லை. பசியில் பனிமேல் படுத்து எழாமல் போகும் மானுக்கு யாரும் வழக்குப் போடுவதில்லை. மான் மிஞ்சினால் இப்படித்தான் ஆகும் என்று சொல்லி மன்றாடினார் வனவிலங்கு அறிஞர் ஆல்டோ லியோபோல்ட். 1943இல் பெண்மானையும் சுட அனுமதித்தபோது, ஊரே அதைக் குற்றம் என்று ஏசியது. அந்தக் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் நான் அவர் பக்கம்தான்.

பதிவு நிலையத்தில் ஒரு பெரியவர் கேட்டார்: “அடுத்த வருஷம் சீட்டைக் கூட்டுவீர்களா, குறைப்பீர்களா?”

பல் பார்த்துக்கொண்டிருந்த அதிகாரி நிமிராமலே சொன்னார்: “பனி முடியட்டும் ஐயா, பார்த்துவிட்டுச் சொல்கிறோம்.”