ரைன் ஆணையத்துக்கு என்ன அதிகாரம் இருக்கு? – சந்தேகங்களுக்கு விளக்கம்

அடுத்த கேள்வி, கும்பகோணத்துல இருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்காங்க. வாசிச்சிடறேன். "சார், ரைன் ஆறு பத்தி போன வீடியோவில பேசினீங்க. இத்தனை நாடு சேர்ந்து அந்த ஆத்தை மீட்டிருக்குன்னா, அந்த ஆணையத்துக்கு எவ்வளவு அதிகாரம் இருந்திருக்கணும்? நம்ம காவிரி ஆணையத்துக்கு அந்த அதிகாரத்தைக் கொடுத்தா என்ன?"

ரெண்டு நாளா இந்தக் கேள்வி என்னை விடவே இல்ல. ஏன்னா நிலைமை அப்படியே தலைகீழ். காவிரி மேலாண்மை ஆணையத்தை 2018-ல உச்ச நீதிமன்றத் தீர்ப்புப்படி அமைச்சாங்க. அதோட முடிவு மாநிலங்களைக் கட்டுப்படுத்தும்னு திட்டத்துலயே எழுதியிருக்கு. ரைன் ஐரோப்பாவுல ஓடுற ஆறு. அது மாசுபடாம காக்கத்தான் ரைன் ஆணையம் 1950-ல வந்தது. சுவிட்சர்லாந்து, பிரான்ஸ், ஜெர்மனி, லக்சம்பர்க், நெதர்லாந்துன்னு அஞ்சு நாடு. அதால யாருக்கும் உத்தரவு போட முடியாது. எல்லாரும் ஒத்துக்கிட்டாத்தான் முடிவு, அந்த முடிவும் பரிந்துரைதான். ஒண்ணே ஒண்ணு இருக்கு. பரிந்துரையை ஒரு நாடு நிறைவேத்தலைன்னா, ஏன் முடியலைன்னு மத்த நாடுகளுக்குக் காரணம் சொல்லியாகணும். 1999 உடன்படிக்கையில அது இருக்கு. எனக்கு ரொம்பப் பிடிச்ச விதி அது. அஞ்சு பேர் முன்னால உக்காந்து காரணம் சொல்றது லேசுப்பட்ட தண்டனை இல்ல.

சரி, அதிகாரம் இல்லாம வேற என்னதான் இருந்துச்சு? பழைய நேயர்கள் இப்பவே கமெண்ட்ல போட்டிருப்பீங்க: "சார் அளவையில வந்து நிப்பாரு." ஆமா, அங்கதான் நிக்கிறேன். அந்த ஆணையம் முதல்ல செஞ்ச வேலை, தண்ணியை எல்லா நாடும் ஒரே முறையில சோதிக்கணும்னு ஏற்பாடு பண்ணினது. விக்கிறவன் படி ஒண்ணு, வாங்குறவன் படி வேறன்னா சந்தையில அடிதடிதானே? சுவிஸ் ஆய்வகத்துல வர்ற எண்ணும் நெதர்லாந்துல டச்சுக்காரங்க ஆய்வகத்துல வர்ற எண்ணும் ஒத்துப்போகணும். அதுக்கே வருஷக்கணக்குல உழைச்சாங்க. வெளியில பாக்குறவனுக்கு ஒண்ணுமே நடக்காத மாதிரி இருந்திருக்கும்.

ஆனா தங்கச்சி, நீங்க கேட்டிருக்க வேண்டிய கேள்வி வேற. அரசாங்கங்களை விடுங்க. கடைமடையில இருந்தவங்க என்ன செஞ்சாங்க? அதைக் கேளுங்க, சுவாரசியமே அங்கதான்.

குடிதண்ணி கொடுக்கிற நிறுவனங்கள் 1970-ல நாட்டு எல்லையைத் தாண்டி ஒரே சங்கமா சேர்ந்தாங்க. சுவிஸ்காரங்க, ஜெர்மன்காரங்க, டச்சுக்காரங்க எல்லாரும். ஜெர்மன் அரசும் டச்சு அரசும் மேசையில முறைச்சுக்கிட்டு இருந்தப்ப, ரெண்டு நாட்டுக் குடிநீர்க்காரங்களும் ஒரே பட்டியலை வச்சுப் பேசினாங்க. ரெண்டு பேருக்கும் ஒரே தலைவலி, மேல இருக்கிற ஆலைக் கழிவு.

அப்புறம் உப்பு. பிரான்ஸ்ல ரைன் கரையில இருக்கிற அல்சாஸ்ல, உரத்துக்கான பொட்டாஷ் எடுக்கிற சுரங்கங்கள் கழிவு உப்பை ஆத்துல கொட்டினாங்க. நெதர்லாந்துல நாத்துப்பண்ணை வச்சிருந்தவருக்குப் பயிர் கருகுது. அவரும் ஒரு சுற்றுச்சூழல் அமைப்பும் சேர்ந்து வழக்குப் போட்டாங்க, அதுவும் நெதர்லாந்துலயே. பிரெஞ்சுக் கம்பெனி மேல டச்சு நீதிமன்றத்துல வழக்கு செல்லுமா? பாதிப்பு நடந்த இடத்துலயும் வழக்குப் போடலாம்னு ஐரோப்பிய நீதிமன்றம் 1976-ல சொல்லிடுச்சு. அதே வருஷம் அரசுகளும் உப்பைக் குறைக்க ஒப்பந்தம் போட்டாங்க. செலவுல டச்சுக்காரங்க பங்கு 34 சதவீதம், பிரான்சும் ஜெர்மனியும் தலைக்கு 30, சுவிஸ் 6. கொட்டினவனை விட குடிக்கிறவன் அதிகமா கொடுக்கிறான்! எனக்கு இதுல நியாயமே தெரியல. அப்படியும் பிரான்ஸ் அந்த ஒப்பந்தத்தை 1985 வரைக்கும் உறுதிப்படுத்தல.

இதை விட எனக்குப் பிடிச்சது, நெதர்லாந்துல ரைன் கடல்ல சேர்ற பக்கம் இருக்கிற ராட்டர்டாம் துறைமுகக் கதை. துறைமுகத்துல வருஷா வருஷம் சேறு அள்ளணும், இல்லைன்னா கப்பல் வராது. அந்தச் சேறு முழுக்க, மேல இருந்து வந்த விஷமான கன உலோகம். கடல்ல கொட்ட முடியாம, அதுக்குன்னே பெரிய தேக்கம் ஒண்ணைக் கட்டி 1987-ல திறந்தாங்க. பணம் யார் பணம்? துறைமுகத்தோட பணமும் அதுல போச்சு. அதனால 80-கள்லயே நகரத்து ஆளுங்க எதிர்நீச்சல்ல கிளம்பிட்டாங்க. எந்தக் குழாய்ல இருந்து என்ன வருதுன்னு மேல வரைக்கும் போய் அளந்தாங்க. அளந்த தாளைக் கையில வச்சுக்கிட்டு, "கோர்ட்டுக்குப் போகட்டுமா, குறைச்சுக்கிறீங்களா?" அப்படின்னு ஆலைக்காரங்ககிட்ட பேசினாங்க. 1991-ல ஜெர்மன் ரசாயன ஆலைகள் சங்கத்தோடயே ஒப்பந்தம் ஆச்சு. ஒரு பக்கம் ஒரு நகரம், இன்னொரு பக்கம் ஒரு தொழிற்சங்கமில்ல, முதலாளிகள் சங்கம். நடுவுல எந்த நாடும் இல்ல.

நடுவுல 1986 நவம்பர் 1-ம் தேதி, சுவிட்சர்லாந்துல பாசல் நகரத்துப் பக்கத்துல, சாண்டோஸ்ங்கிற ரசாயனக் கம்பெனி கிடங்குல தீ. தீயணைச்ச தண்ணி பூச்சிமருந்தோட ஆத்துல இறங்கி, ஆறு சிவப்பா ஓடி, விலாங்கு மீன் லட்சக்கணக்குல செத்துச்சு. போன தடவை விரிவா சொல்லிட்டேன். அடுத்த வருஷமே ரைன் செயல்திட்டம் வந்துச்சு. 2000-க்குள்ள சால்மன் மீன் திரும்பி வரணும்னு இலக்கு. விபத்துதான் காரணம்னு எல்லாரும் எழுதுறாங்க. அது உண்மை, ஆனா பாதி உண்மை. விபத்து நடக்குற எல்லா ஆத்துலயும் அடுத்த வருஷமே திட்டம் வந்துடுதா? இங்க 36 வருஷம் ஒண்ணா உக்காந்து அளந்த ஆளுங்க தயாரா இருந்தாங்க. எதை, எவ்வளவு குறைக்கணும்னு அவங்களுக்குத் தெரியும்.

இப்ப காவிரிக்கு வரேன். பில்லிகுண்டுலுல மத்திய நீர் ஆணையம் அளக்குது. தமிழ்நாட்டுக்கு வருஷத்துக்கு 177.25 டி.எம்.சி. அந்த எண்ணைச் சுத்தித்தான் நம்ம பேச்செல்லாம். 2003-ல ரெண்டு மாநில விவசாயிகளும் 'காவிரிக் குடும்பம்'னு சேர்ந்து, ஒருத்தர் வயலை ஒருத்தர் போய்ப் பாத்தாங்க. ரைன்ல குடிநீர்க்காரங்க செஞ்சதும் அந்த மாதிரி வேலைதான். ஆணையத்துக்குக் கூடுதல் அதிகாரம் கேக்குறதை நான் தப்புன்னு சொல்லல. அதோட, மேட்டூருக்கு மேலயும் கீழயும் இருக்கிற குடிநீர் வாரியங்கள் ஒரு மேசையில உக்காந்தா என்னன்னும் கேளுங்க.

சால்மன் வந்துச்சான்னு கேப்பீங்க. 1990-லயே சீக்ங்கிற துணை ஆத்துல வந்துடுச்சு. பாசல் வரைக்கும் தடையில்லாம ஏற இன்னும் வழி இல்ல. மேல் ரைன்ல பிரெஞ்சு மின்சார அணைகள் நிக்குது. ஸ்ட்ராஸ்பர்க்ல 2016-ல, கெர்ஸ்ட்ஹைம்ல 2019-ல, மீன் அணையைத் தாண்டி ஏற மீன்வழி கட்டினாங்க. அதுக்கு மேல வோகல்க்ரூன் அணையில இழுபறி. காரணம் சொல்லிக்கிட்டுத்தான் இருக்காங்க.

அடுத்த கேள்வி, திருச்சியில இருந்து.