சுந்தரமும் பக்கத்து வீட்டு அரளியும்

வணக்கம் மக்களே. அமெரிக்காவில், ஃபீனிக்ஸில் மணி காலை ஆறு, இப்போதே வேர்த்துக் கொட்டுகிறது. நேற்று ராத்திரி புழுதிப்புயல், அதனால் காபிகூடக் குடிக்காமல் கொல்லைக்கு வந்துவிட்டேன். கேமராவைக் கீழே இறக்குகிறேன், பாருங்கள், சுவரோரம் முழுக்கப் பக்கத்து வீட்டிலிருந்து காற்றில் வந்து விழுந்த இளஞ்சிவப்புப் பூ. அரளி. நம்ம ஊர் நால்வழிச் சாலை நடுவே வரிசையாக நிற்குமே, அதேதான். ஆடு மாடு வாய் வைக்காது என்று அங்கே நடுகிறார்கள், இங்கே வெயில் தாங்கி வேலி மாதிரி அடர்ந்து வளரும் என்று வீட்டுக்கு வீடு வைத்திருக்கிறார்கள். ஆட்டுக்கு இருக்கிற புத்தி எங்கள் சுந்தரத்துக்குக் கிடையாது.

புதிதாகப் பார்ப்பவர்களுக்கு, சுந்தரம் ஒரு சொனோரன் பாலைவன ஆமை. அரிசோனா வனவிலங்குத் துறையின் தத்துத் திட்டத்தில் வந்தவர். வீட்டில் வளர்ந்த ஆமையைத் திரும்பப் பாலைவனத்தில் விடக்கூடாது, காட்டு ஆமைகளுக்கு நோய் தொற்றிவிடும். ஊரிலிருந்து பார்ப்பவர்கள் நட்சத்திர ஆமை எங்கே கிடைக்கும் என்று கேட்காதீர்கள், 1972 வனவிலங்குச் சட்டப்படி அதை வீட்டில் வைத்திருப்பதே குற்றம். ஆமை புகுந்த வீடு உருப்படுமா என்று அம்மா இன்னும் போனில் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார், அது வேறு கதை.

சரி, போன வருஷம் நடந்ததைச் சொல்கிறேன். பக்கத்து வீட்டில் அரளியை வெட்டினார்கள், கொஞ்சம் கிளை இந்தப் பக்கம் விழுந்தது. காய்ந்த சருகுதானே, அப்புறம் அள்ளிக்கொள்ளலாம் என்று விட்டேன். அதுதான் தப்பு. அரளி காய்ந்தாலும் விஷம் போகாது. இலை, பூ, தண்டு எல்லாவற்றிலும் ஒலியாண்ட்ரின் என்கிற விஷம் இருக்கிறது, நேராக இதயத்துடிப்பில் கை வைக்கும். சாயங்காலம் பார்த்தால் இவர் வாயோரம் ஒரு பூவிதழ் ஒட்டியிருக்கிறது! ஆமைக்குப் பளிச்சென்ற நிறம் கண்ணில் பட்டால் போதும், கடித்துப் பார்த்துவிடும். செரிமானமும் மெதுவாகத்தான் நடக்கும், அதனால் நன்றாகத்தானே நடமாடுகிறது என்று காத்திருக்கக் கூடாது. இலையையும் பூவையும் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு எடுத்துக்கொண்டு ஊர்வன பார்க்கிற மருத்துவரிடம் ஓடினேன். எதைத் தின்றது என்று காட்ட முடிந்தால் அவர்களுக்குப் பாதி வேலை மிச்சம். உள்ளே பெரிதாகப் போகவில்லை, தப்பித்தார்.

அந்த மூலையில் முன்பு ஒரு உண்ணிச்செடி இருந்தது, அதுவும் ஆமைக்கு விஷம் என்று பிடுங்கிவிட்டேன். மலைவேம்பு மரம் இருந்தால் அதன் பழம் கீழே உதிரும், அதுவும் ஆகாது. மழை பெய்த பத்து நாளில் ஊமத்தை தானாக முளைக்கும், காளானும் வரும், எனக்குப் பெரிய தலைவலியே இந்த இரண்டும்தான், ஏனென்றால் நாம் நடாமலே வருகிறவை.

அப்படியானால் என்ன போடுவது என்று கேட்பீர்கள். இதோ, அறுகம்புல், மருந்து அடிக்காதது. செம்பருத்திப் பூ, இலை. மல்பெரி இலை. முள் எடுத்த சப்பாத்திக்கள்ளி மடல் என்றால் தலைவர் வளையிலிருந்து ஓடியே வருவார்.

அதோ, தலை தெரிகிறது பாருங்கள்! இருங்கள், கேமராவைச் சுவர் மேல் வைத்துவிட்டு மிச்சப் பூவை முதலில் பொறுக்கிவிடுகிறேன்.