பத்து மீட்டர்ப் படகில் இணையம்

நேயர்களுக்கு வணக்கம். கேனரித் தீவுகளிலிருந்து கரீபியன் கடலிலுள்ள செயின்ட் லூசியாவுக்கு ஏறக்குறைய 2,700 கடல்மைல் தொலைவு. பத்து மீட்டர் நீளமுள்ள பாய்மரப் படகுக்கு அது மூன்று, நான்கு வாரப் பயணம். கரை மறைந்ததும் கைப்பேசிக் கோபுரங்கள் கைவிட்டுவிடும். அதன்பின் வானிலை அறியவும் வீட்டுக்கு ஒரு வரி எழுதவும், சிற்றலை வானொலியை விட்டால் செயற்கைக்கோள்தான் வழி.

நெடுங்காலமாகச் சிறு படகுகளில் இருந்தது பெரும்பாலும் இரிடியம் தொலைபேசியே. அதன் 66 செயற்கைக்கோள்கள் உலகம் முழுவதையும் எட்டினாலும், தரவு நொடிக்கு 2.4 கிலோபிட், அதாவது 300 பைட் வேகத்தில்தான் வந்தது. 20 கிலோபைட்டாகச் சுருக்கிய காற்று வரைபடம் ஒரு நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலாகப் பிடிக்கும். மூன்று மெகாபைட் புகைப்படத்துக்கோ இரண்டே முக்கால் மணி நேரம் வேண்டும், அதுவும் இணைப்பு நடுவில் அறுந்துபோகாமல் இருந்தால்.

ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனம் தன் செயற்கைக்கோள் இணையச் சேவையான ஸ்டார்லிங்கில் 2022இல் கப்பல்களுக்கென அறிவித்த திட்டத்துக்கு மாதக் கட்டணம் 5,000 டாலர். அது எங்களைப் போன்றவர்களுக்கான விலை அன்று. 2024இல் வந்த ஸ்டார்லிங்க் மினி என்னும் சிறிய அலைவாங்கித் தகடுதான் நிலைமையை மாற்றியது. ஏறக்குறைய ஒரு கிலோ எடையுள்ள அந்தத் தகடு, படகு ஆடி அசைந்தாலும், சுமார் 550 கிலோமீட்டர் உயரத்தில் விரைந்தோடும் செயற்கைக்கோள்களை மின்னணு முறையில் தானே பின்தொடர்கிறது. ஆனால் தரைக்குரிய மலிவான திட்டத்தை நம்பி நடுக்கடலுக்குப் போய்விடக் கூடாது. அங்கே தனித் தரவு வாங்க வேண்டியிருக்கும். விதியும் விலையும் அடிக்கடி மாறுவதால், புறப்படும் வாரத்தில் அவற்றை மறுபடி படித்துவிடுவது நல்லது.

உண்மையில் கையைக் கடிப்பது மின்சாரம். அந்தத் தகடு சராசரியாக 30 வாட் எடுத்தால் ஒரு நாளைக்கு 720 வாட்-மணி. 12 வோல்ட்டில் அது 60 ஆம்பியர்-மணி. ஈய-அமில பேட்டரியைப் பாதிக்குமேல் வடியவிடக் கூடாது என்பதால், 100 ஆம்பியர்-மணி பேட்டரி ஒன்று முழு நாளுக்குக்கூடத் தாங்காது. சோலார் பலகை இருக்கிறதே என்பீர்கள்; பாயின் நிழல் அதன்மேல் பாதிப் பொழுது விழுந்துகிடக்கும். இரண்டு மணி நேரம் மட்டும் இயக்கினாலோ ஐந்து ஆம்பியர்-மணியோடு முடிந்துவிடும்.

இன்னொன்றை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். பேட்டரியிலிருந்து பின்தளம் வரை நானே இழுத்த மெல்லிய கம்பியில் மின்னழுத்தம் இறங்கி, தகடு செயற்கைக்கோளைத் தேடத் தொடங்கும்போதெல்லாம் அணைந்து அணைந்து எரிந்தது. குறை தகட்டில்தான் என்று இரண்டு நாள் அதையே கழற்றிப் பூட்டிக்கொண்டிருந்தேன். தடித்த கம்பி போட்ட அன்றே அது சரியாயிற்று.

இப்போது மாலையில் அரை மணி நேரம் தகட்டை இயக்குகிறேன். கைப்பேசியின் தானியங்கிப் புதுப்பித்தல்களை முதலில் நிறுத்திவிடுவேன். இல்லையென்றால் காசு கொடுத்து வாங்கிய தரவை அவையே விழுங்கிவிடும். வானிலை வரும், வீட்டுக்குச் செய்தி போகும், தகடு அணையும். ஆபத்துக்கென வைத்திருக்கும் 406 மெகாஹெர்ட்ஸ் அபாய அறிவிப்புக் கருவி மட்டும் படிக்கட்டருகே தன் சொந்த பேட்டரியோடு தனியே தொங்குகிறது. அதற்கு மாதக் கட்டணம் கிடையாது.