ஓட்டுக் கூரையில் பாசி

வணக்கம் நேயர்களே.

குலசேகரம், திருவட்டாறு, பேச்சிப்பாறை வட்டாரத்தில் ஓட்டு வீடு வைத்திருப்பவர்களுக்குப் பாசியைப் பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை. குமரி மாவட்டத்துக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்குப் பருவமழையும் உண்டு. பலா, அயனி, ரப்பர் என்று மரநிழலும் கூரைமேல் விழுந்தால் பாசிக்கு வேறென்ன வேண்டும்?

பாசிக்கு உண்மையான வேர் கிடையாது. அது ஓட்டைத் துளைப்பதில்லை. ஈரத்தைப் பிடித்து வைத்துத்தான் கெடுக்கிறது. மேல் ஓட்டின் விளிம்பு கீழ் ஓட்டின்மேல் படியும் இடத்தில் பாசி பஞ்சு போல அடைத்துக்கொள்ளும். வடிய வேண்டிய மழைநீர் அங்கே தேங்கி, இடுக்கு வழியாக மேல்நோக்கி ஏறி, ஓட்டைத் தாங்கும் மரச்சட்டமான ரீப்பரை நனைக்கும். சில வருடங்களில் ரீப்பர் உளுத்துப்போகும். ஒழுகும் இடத்து ஓட்டை மட்டும் மாற்றிவிட்டு, அதற்குக் கீழ்வரிசையில் அடைத்திருக்கும் பாசியை விட்டுவிடுகிறார்கள். அதனால்தான் அடுத்த மழைக்கும் அதே இடம் ஒழுகுகிறது.

முக்கியமாக ஒன்று. கம்பி பிரஷ் வேண்டாம், வேகமாகத் தண்ணீர் பீய்ச்சும் இயந்திரமும் வேண்டாம். அன்றைக்கு ஓடு சிவப்பாகப் பளிச்சென்று தெரியும். ஆனால் சூளையில் சுட்ட ஓட்டின் மேல்தோல் போய்விடும். தோல் போன ஓடு அதிகம் நீர் குடிக்கும், முன்பைவிட வேகமாகப் பாசி பிடிக்கும். பீய்ச்சிய தண்ணீர் ஓட்டிடுக்கு வழியாக உள்ளேயும் இறங்கும்.

வெயில் காயும் பிப்ரவரி, மார்ச்சில் வேலையை வைத்துக்கொள்ளுங்கள். ஈரப் பாசியில் கால் நிற்காது. இடுப்பில் கயிறு கட்டி, மறுபக்கம் உறுதியான மரத்தில் முடிச்சிடுங்கள். ஓட்டின் நடுவில் மிதிக்காதீர்கள், உடையும். கூரைமேல் ஏணியைப் படுக்கவைத்து, அது நழுவாமல் கட்டி, அதன்மேல் நின்று வேலை செய்யுங்கள்.

மழைநீர்த் தொட்டிக்கோ கிணற்றுக்கோ போகும் குழாயை முதலில் கழற்றிவிடுங்கள். தடித்த பாசியை மரத்தகட்டால் மேலிருந்து கீழாகத் தள்ளுங்கள். கீழிருந்து மேலே சுரண்டினால் குப்பை ஓட்டுக்கடியில் போய்ச் செருகிக்கொள்ளும். கட்டியை எடுக்காமல் மருந்து ஊற்றினால் மேல்பாகம் மட்டும் வெளுக்கும், அடிப்பாகம் பச்சையாகவே இருக்கும்.

பிறகு பிளாஸ்டிக் வாளியில் 10 லிட்டர் தண்ணீருக்கு 250 கிராம் பிளீச்சிங் பவுடர் கலக்கி, தெளியவிட்டு, மேலே நிற்கும் தெளிநீரை மட்டும் எடுங்கள். பவுடர் புதிதாக இருக்கட்டும். திறந்து கிடந்த பையில் வீரியம் இருக்காது. சுமார் 100 சதுர அடிக்கு ஒரு வாளி என்று கணக்கு வையுங்கள். தெளித்து 20 நிமிடம் கழித்து நைலான் பிரஷால் மெதுவாகத் தேய்த்து, நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். கீழே நிற்கும் கறிவேப்பிலை, வெற்றிலைக் கொடிகளை முன்னும் பின்னும் தண்ணீரால் நனையுங்கள். இதோடு ஆசிட் கலக்கவே கூடாது. கிளம்பும் குளோரின் வாயு நுரையீரலைத் தாக்கும்.

மயில்துத்தமும் (காப்பர் சல்பேட்) பாசியைக் கொல்லும். ஆனால் அது வடியும், துத்தநாகம் பூசிய ஜி.ஐ. தகரத் தூம்பு அரித்துப்போகும், பக்கத்துக் குளத்து மீனுக்கும் ஆபத்து. தவிர்ப்பதே நல்லது.

ஆஸ்பெஸ்டாஸ் கூரையாக இருந்தால் சுரண்டவும் தேய்க்கவும் வேண்டாம். அதிலிருந்து கிளம்பும் நார்த்தூசி நுரையீரலில் தங்கி நோய் தரும்.

இவ்வளவு செய்தும் நிழல் அப்படியே இருந்தால் பாசி திரும்ப வரும். கூரைமேல் கவிந்த கிளைகளை மே மாதத்துக்குள் கழியுங்கள். ஓட்டுப்பள்ளங்களில் சேரும் சருகை இரண்டு பருவமழைக்கு முன்பும் வாருங்கள். உடைந்த ஓட்டை உடனே மாற்றுங்கள்.

கழற்றிய குழாயை உடனே மாட்டிவிடாதீர்கள். முதல் இரண்டு மூன்று நல்ல மழை கூரையைக் கழுவி வெளியே ஓடட்டும். அதன்பிறகு தொட்டியோடு இணைக்கலாம்.

நன்றி, வணக்கம்.