அந்தச் சாக்குப் படத்துக்கு என்ன அர்த்தம்? ஒரு கேள்விக்குப் பதில்

வணக்கம். போன வீடியோவில் கோணிச் சாக்கை ஒட்டி நான் செய்த ஒரு படத்தைக் காட்டினேன் இல்லையா, அதைப் பார்த்துவிட்டு மன்னார்குடியிலிருந்து ஒரு அம்மா கேட்டிருக்கிறார். ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவராம். அவர் கேட்டதை அப்படியே படிக்கிறேன்: "தம்பி, படம் நன்றாக இருக்கிறது என்று சொல்ல ஆசைதான், ஆனால் எதைப் பார்த்தேன் என்றே சொல்லத் தெரியவில்லை. இது என் சொந்த அனுபவம் என்கிறாய். உன் அனுபவம் உனக்குத் தெரியும், எனக்கு எப்படித் தெரியும்? அர்த்தம் உனக்கு மட்டும்தான் என்றால் எதற்கு அதை எங்கள் முன்னால் கொண்டுவந்து மாட்டுகிறாய்?"

நியாயமான கேள்வி அம்மா. என் அப்பாவும் இதையே கேட்டார், இன்னும் சுருக்கமாக. "என்னடா இது?"

இதற்கு ரெடிமேடாக ஒரு பதில் உண்டு, உடனே கோலத்தைக் காட்டுவார்கள். வாசலில் போடுகிற கோலமும் இன்ன உருவம் என்று சொல்ல முடியாத அரூபம்தானே, அதற்கு யாராவது அர்த்தம் கேட்கிறோமா என்பார்கள். நானே இரண்டு மூன்று இடத்தில் அப்படிச் சொல்லித் தப்பித்திருக்கிறேன், இப்போது சொல்வதில்லை. கோலம் எதற்குப் போடுகிறோம், எப்போது போடக்கூடாது என்பது தெரு முழுக்கத் தெரியும். ஒரு நாள் கோலம் இல்லையென்றால் அந்த வீட்டில் என்ன ஆயிற்று என்று நாலு பேர் விசாரிக்க வருவார்கள். என் படத்துக்கு அப்படி ஊர் ஒப்புக்கொண்ட வழக்கம் ஏதும் கிடையாது. அதனால் அந்தப் பதில் எடுபடாது.

சரி, படத்தையே கிட்டக் கொண்டுவருகிறேன். தெரிகிறதா? 4 அடிக்கு 3 அடி பிளைவுட். அதன்மேல் கோணிச் சாக்கைப் பிரித்து ஒட்டியிருக்கிறேன். இடது பக்கத்தில் இந்தக் கரும்பழுப்பு பெயிண்ட் இல்லை, எங்கள் வயல் வண்டல். நடுவில் நீலம், அது அக்ரிலிக். மேலே ஒரே பட்டையாகக் கிளம்பி, ஒரு சாண் இறங்கியதும் மூன்று கோடாகப் பிரிந்து, கீழே போகப் போக வெளுத்துச் சாக்கு நிறத்திலேயே காணாமல் போகும். வலது ஓரத்தில் ஒரு காகிதம், தேய்த்துப் பாதி அழித்த எழுத்து. மேல் விளிம்பில் ஒரு தையல். கீழ் மூலையில் ஒரு ஓட்டை. மொத்தப் படமும் இவ்வளவுதான்.

2023-இல் செய்தது. அந்த வருஷம் ஜூன் 12 அன்று வழக்கம்போல மேட்டூரைத் திறந்தார்கள், நாங்களும் நம்பிக் குறுவை போட்டோம், கடைசியில் தண்ணீர் போதாமல் டெல்டாவில் பல இடத்தில் பயிர் காய்ந்தது. எங்கள் ஊர் நீடாமங்கலம் பக்கம். அங்கே மூணாறு தலைப்பு என்று ஒரு இடம் இருக்கிறது, வெண்ணாறு அங்கே வந்துதான் வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என்று மூன்றாகப் பிரியும். பள்ளிக்கூடத்தில் படிக்கிறபோது அந்தப் பக்கம்தான் குளிப்போம், கரையில் வாத்தியார் தலை தெரிந்தால் மூச்சைப் பிடித்துக்கொண்டு தண்ணீருக்குள் உட்கார்ந்துவிடுவோம். ஆக, நான் வைத்த அர்த்தம் ரொம்பச் சாதாரணமானது. நீலம் ஆறு, கீழே வெளுக்கிற இடம் எங்கள் வயல், வண்டல் அந்த வயலின் மண், காகிதம் அதே நிலத்தின் அடங்கல் நகல், அதாவது எந்த நிலத்தில் என்ன பயிர் என்று எழுதுகிற கிராமக் கணக்கு.

கண்காட்சியில் என்ன நடந்தது என்றால், ஒருவர் மூன்று கோட்டைப் பார்த்துச் சத்துவம், ரஜஸ், தமஸ் என்றார். இன்னொருவர் நேற்று, இன்று, நாளை என்றார். ஒரு கல்லூரிப் பையன் "அடிடாஸ் மாதிரி இருக்குண்ணா" என்றான். அந்த ஓட்டை முன்னால் ஒருவர் ரொம்ப நேரம் நின்று, சூன்யம் என்று சொல்லித் தலையாட்டிவிட்டுப் போனார். அது எலி கடித்த ஓட்டை. ஆறு என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. நீடாமங்கலத்துக்காரர்களே நாலைந்து பேர் வந்திருந்தார்கள், அவர்களும் சொல்லவில்லை.

காகிதத்தை மட்டும் எல்லாரும் குனிந்து குனிந்து படிக்கப் பார்த்தார்கள். எழுத்து என்று ஒன்று இருந்தால் நம் ஆட்கள் விட மாட்டார்கள். சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை 1966-இல் உருவாக்கிய கே.சி.எஸ். பணிக்கர், அதற்கு முன்னாலேயே, 1963 வாக்கில், 'சொற்களும் குறியீடுகளும்' என்று ஒரு வரிசை ஆரம்பித்தார். அதில் பலகை முழுக்க எழுத்து மாதிரி, ஜாதகக் கட்டம் மாதிரி என்னென்னவோ இருக்கும், ஒன்றையும் வாசிக்க முடியாது. மாணவனாக இருந்தபோது அதை அச்சில் பார்த்துவிட்டு ஒரு மணி நேரம் வாசிக்க முயன்று தோற்றவன் நான். அதனால் குனிந்தவர்களைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை.

உங்கள் கேள்விக்கு வருகிறேன் அம்மா, எழுதி வைத்துவிட்டால் என்ன என்றுதானே தோன்றும்? வைத்தேன். முதல் இரண்டு நாள் படத்துக்குப் பக்கத்தில் ஒரு முழுப்பக்கக் குறிப்பு தொங்கியது. "இருப்பின் விளிம்பில் நீரின் இன்மை" என்று ஆரம்பிக்கும், இப்போது நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது. வந்தவர்கள் குறிப்பைப் படித்தார்கள், திரும்பிப் படத்தை ஒரு பார்வை பார்த்தார்கள், சரியாக இருக்கிறது என்பது மாதிரி அடுத்த படத்துக்கு நகர்ந்தார்கள். விடைத்தாள் திருத்துகிற மாதிரி, உங்களுக்குத் தெரியாததா. மூன்றாம் நாள் அதைக் கிழித்துப் போட்டுவிட்டு ஒரு சின்ன அட்டையில் இதை மட்டும் எழுதினேன்: கோணிச் சாக்கு, வயல் வண்டல், உமி, புளியங்கொட்டைப் பசை, அடங்கல் நகல், அக்ரிலிக். அதற்கப்புறம் நின்று பேசினவர்கள்தான் அதிகம். "புளியங்கொட்டைப் பசையா? எங்கள் தாத்தா தஞ்சாவூர்ப் படத்துக்குக் காய்ச்சுவாரே" என்று ஆரம்பித்து ஒருவர் முக்கால் மணி நேரம் பேசினார். அர்த்தத்தைச் சொன்னால் கேட்டுக்கொண்டு போய்விடுகிறார்கள், சாமான் பெயரைச் சொன்னால் கையால் தொடப் பார்க்கிறார்கள்.

வண்டலைப் பற்றி நிறையப் பேர் கேட்டீர்கள், அதையும் நடுவில் சொல்லிவிடுகிறேன். முதலில் ஃபெவிகாலில் குழைத்து ஒரே தடவையில் தடிமனாக அப்பினேன். காய்ந்ததும் பாளம் பாளமாக வெடித்தது, காய்ந்த வயல் மாதிரியே இருக்கிறது என்று எனக்கு ஒரே சந்தோஷம். மூன்றாம் நாள் பலகையைத் தூக்கி நிறுத்தினேன், அத்தனையும் கழன்று தரையில். களிமண் காயும்போது சுருங்கும், பலகை சுருங்காது, வேறென்ன ஆகும்? சுவாமிமலையில் சிலை வார்க்கிறவர்கள் மெழுகு உருவத்தின்மேல் இந்தக் காவிரி வண்டலைத்தான் பூசுகிறார்கள், ஆனால் முதல் பூச்சு சன்னமாக, அது காய்ந்தபிறகு அடுத்தது, கெட்டி மண் கடைசியில்தான். கும்பகோணம் கவின் கலைக் கல்லூரியில் அத்தனை வருஷம் படித்தேன், பக்கத்தில் இருக்கிற சுவாமிமலைக்குப் போய் இதை ஒழுங்காகக் கவனித்தது படம் விழுந்த பிறகுதான். இப்போது உமி கலந்து மூன்று சன்னப் பூச்சு. மயிரிழை மாதிரி வெடிப்பு வரும், கழலாது.

சாக்கிலும் ஒரு கூத்து நடந்தது. இதற்கு முந்தின ஒரு சாக்குப் படத்தை ஒரு தங்கும் விடுதிக்காரர் வாங்கி வரவேற்பறையில் மாட்டினார், இரண்டு மாதம் கழித்துப் போன், "தம்பி, உங்கள் படத்திலிருந்து பூச்சி பறக்குது" என்று. அந்துப்பூச்சி. மடிப்புக்குள் நாலு நெல்மணி மாட்டியிருந்தது எனக்குத் தெரியவில்லை. பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன், பாதியைத் தவணையில். இப்போதெல்லாம் சாக்கை உள்பக்கம் திருப்பி உதறி, மடிப்பைக் கோணி ஊசியால் கிண்டி, மூன்று நாள் வெயிலில் போட்டுவிட்டுத்தான் ஜெஸ்ஸோ என்கிற வெள்ளை அடிப்பூச்சை அடிக்கிறேன். பசையில் போஸ்டர் ஒட்டுகிறவர்கள் மாதிரி கொஞ்சம் மயில்துத்தமும் போடுகிறேன், அது விஷம், வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் ஜாக்கிரதை.

இன்னொருவர், அவர் பெயர் போடவில்லை, "சாக்கை ஒட்டுவதெல்லாம் இத்தாலிக்காரன் எப்பவோ செய்துவிட்டான்" என்று கேட்டிருந்தார். உண்மைதான், ஆல்பர்ட்டோ பர்ரி. டாக்டர், இரண்டாம் உலகப் போரில் 1943-இல் துனீசியாவில் பிடிபட்டு அமெரிக்காவில் டெக்சாஸ் முகாமில் கைதியாக இருந்தபோது படம் போட ஆரம்பித்தவர். 1950 வாக்கிலிருந்து கிழிந்த சாக்கை வைத்துத் தைத்துத் தைத்துச் செய்தார். பார்க்கிறவர்கள் காயம், கட்டு, தையல் என்றார்கள், டாக்டர் ஆயிற்றே. அவரோ தன் படங்களை விளக்குவதற்கு மசியவே இல்லை. எனக்கு அவ்வளவு தைரியம் கிடையாது, இப்படி உட்கார்ந்து வீடியோ போடுகிறேன். ஆனால் அவர் சாக்கில் எந்த ஊர்த் தானியம் வந்ததோ, என் சாக்கில் வந்தது சி.ஆர். 1009 என்கிற ரகத்து விதைநெல், எங்கள் வீட்டுத் தாழ்வாரத்தில் கிடந்தது.

அந்தச் சாக்கு விஷயத்தைச் சொன்னால்தான் அம்மாவுக்குப் பதில் ஆகும். கண்காட்சி கும்பகோணத்தில் ஒரு சின்ன மண்டபத்தில், நண்பர்கள் ஐந்து பேர் சேர்ந்து வைத்தோம். ஐப்பசி, அடைமழை. கடைசி நாள் மதியம் மழைக்கு ஒதுங்கி ஒரு பெரியவர் உள்ளே வந்தார், தலையில் துண்டு, காலைக் கழுவிவிட்டு வரட்டுமா தம்பி என்று வாசலிலேயே கேட்டார். நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டை தூக்கினவர், இப்போது முடியவில்லை என்றார். மற்ற படங்களை எல்லாம் ஒரு சுற்று பார்த்துவிட்டு இதன் முன்னால் வந்து நின்றார். கோட்டைப் பார்க்கவில்லை, மண்ணைப் பார்க்கவில்லை. மேல் விளிம்பில் இருக்கிற தையலைக் கிட்டப் போய்ப் பார்த்தார், விரலால் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை தடவிக்கொண்டே போனார்.

"இது நிலையத்துத் தையல் இல்லை, வீட்டில் தைச்சது" என்றார். ஆமாம் என்றேன். "தைச்சவருக்குப் பீச்சாங்கைப் பழக்கம்."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து அவரே காட்டினார். வலது கைக்காரன் சாக்கு வாயைச் சுற்றித் தைத்தால் நூல் ஒரு பக்கமாகச் சாயும், இது அத்தனையும் எதிர்ப்பக்கம் சாய்ந்திருக்கிறது, பாருங்கள் என்றார். 30 வருஷம் மூட்டையைத் தோளில் வைத்தவர், தையல் கன்னத்தில் உரசும், எப்படித் தெரியாமல் இருக்கும்?

தைத்தது அப்பா. சாப்பிடுவதும் கையெழுத்துப் போடுவதும் வலது கையால், பள்ளிக்கூடத்தில் அடித்துப் பழக்கியது. ஊசி, அரிவாள், கயிறு எல்லாம் இடது கை. அந்தச் சாக்கை வாய்ப்பக்கம் பிரிக்கவே இல்லை, எலி கடித்த ஓட்டை வழியாகவே நெல்லைக் கொட்டி எடுத்துவிட்டார்கள், அதனால் அவர் போட்ட தையல் அப்படியே நின்றுவிட்டது. நான் அதைப் படத்தின் மேல் விளிம்புக்கு வைத்ததற்குக் காரணம், நேராக ஒரு கோடு தேவைப்பட்டது, அவ்வளவுதான். நான் யோசித்து யோசித்து வைத்த ஆற்றை ஒருவரும் பார்க்கவில்லை. வைத்தது எனக்கே தெரியாத அப்பாவின் கையை, அவரை முன்பின் பார்த்திராத ஒருவர் படித்துவிட்டுப் போனார். அதுவரைக்கும் அந்தப் படத்தைத் தண்ணீரைப் பற்றிய படம் என்றுதான் நினைத்திருந்தேன்.

அதனால் எனக்கு மட்டும் தெரிந்த அர்த்தம் என்று ஒன்றைக் கைக்குள் மூடி வைத்துக்கொண்டு உங்களைக் கண்டுபிடிக்கச் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள் அம்மா. எனக்கே பாதிதான் தெரியும். உங்களுக்கு எதுவும் தோன்றவில்லை என்றால் அதுவும் சரிதான், உங்கள் மேல் தப்பில்லை, சில படம் ஊமையாகவே போய்விடும், என்னிடம் அப்படி ஏழெட்டு கட்டிலுக்கடியில் கிடக்கிறது.

படத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து அப்பாவிடம் அந்தப் பெரியவர் சொன்னதைச் சொன்னேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தையலை மட்டும் பார்த்தார். "முடிச்சை ஏன்டா வெட்டினே?" என்றார். விளிம்பு சரியாக உட்காரவில்லை என்று நான்தான் நறுக்கியிருந்தேன். "முடிச்சு இல்லாட்டி ஒரு இழுப்பில் பூராவும் பிரிஞ்சு வந்துடும்" என்று எழுந்து போய்க் கோணி ஊசியும் சணலும் எடுத்து வந்தார். வேண்டாம்ப்பா, பசை போட்டு ஒட்டியிருக்கு என்று சொல்லிப் பார்த்தேன், காதில் வாங்கவில்லை. கேமராவை இன்னும் கொஞ்சம் இந்த மூலைக்குக் கொண்டுவருகிறேன் பாருங்கள், இங்கே ஒரு அங்குலம் மட்டும் வெளிறித் தெரிகிறது இல்லையா, அது புதுச் சணல்.