தோமாவின் விரலும் கோபுரத்துத் தூசியும்

(பழைய வண்ணாரப்பேட்டையில் எங்கள் ஆலய வாலிபர் ஐக்கியம் நடத்திய மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

கூட்டத்துக்குத் தலைமை தாங்கும் மதிப்புக்குரிய ஆயர் ஐயா அவர்களே, ஞாயிறு பள்ளியில் என்னைச் சங்கீதங்களை மனப்பாடம் செய்யவைத்த ஆயரம்மா அவர்களே, சேகரக் குழுவின் செயலர் ஐயா அவர்களே, பொருளாளர் ஐயா அவர்களே, மழைக்கு முன்பே எங்கள் தெரு வடிகாலைத் தூர்வாரச் செய்த மாமன்ற உறுப்பினர் அக்கா அவர்களே, பக்கத்துத் தெருப் பள்ளிவாசல் நிர்வாகத்தின் சார்பில் முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பாய் அவர்களே, ஆடித் திருவிழா வேலை தலைக்கு மேல் இருக்கும்போதும் எங்கள் அழைப்பை மதித்து வந்திருக்கும் அம்மன் கோயில் குழு அண்ணன் அவர்களே, பெண்கள் ஐக்கியத்து அத்தைமார்களே, பாடகர் குழுவினரே, என் வயதுத் தோழர் தோழியரே, உங்கள் அனைவருக்கும் என் ஸ்தோத்திரம், என் வணக்கம். சற்றுமுன் எனக்குப் பொன்னாடை போர்த்திய மூத்த சபையார் என் தாத்தாவோடு துறைமுகத்தில் வேலை பார்த்தவர். அவர் கையால் அதைப் பெற்றது எனக்குப் பெரிய பாக்கியம். ஒலிபெருக்கிக்காரத் தம்பிக்கும், வாசலில் மோர் கொடுத்துக்கொண்டிருக்கும் பிள்ளைகளுக்கும் இப்போதே நன்றி சொல்லிவிடுகிறேன். கடைசியில் சொல்ல நினைத்தால் விட்டுப்போகும்.

ஓர் இளம் கிறிஸ்தவளாக என் விசுவாசத்தையும் அறிவியலையும் பற்றிப் பேசும்படி ஐக்கியத்தின் செயலர் கேட்டுக்கொண்டார். நான் வேதியியல் படித்தவள். ஞாயிறுதோறும் இந்த ஆலயத்தின் இடதுபுற இருக்கையில் முழங்காலிடுகிறவளும் நான்தான். இந்த இரண்டும் எப்படி ஒத்துப்போகிறது என்று கல்லூரியிலும் கேட்கிறார்கள், ஆலயத்திலும் கேட்கிறார்கள். என் தாத்தா துறைமுகத்தில் டாலி கிளார்க். கப்பலிலிருந்து இறங்கும் மூட்டைகளை எண்ணிச் சரிபார்த்த பிறகே தாளில் கையெழுத்திடுவார். அவர் வாயில் எப்போதும் ஒரு பழமொழி இருக்கும்: “கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்.” அதே தாத்தா விடியற்காலையில் எழுந்து வேதம் வாசிப்பார். ஒன்று மற்றொன்றுக்கு இடைஞ்சலாக இருந்ததை அவரிடம் நான் பார்த்ததே இல்லை.

நாம் தோமாவின் ஊர்க்காரர்கள். பரம்பரைச் செய்தியின்படி அந்த அப்போஸ்தலர் பரங்கிமலையில் இரத்தசாட்சியாக மரித்தார், மயிலாப்பூரில் அடக்கம் செய்யப்பட்டார். ஆனால் நம் பிரசங்கங்களில் அவருக்கு என்ன பெயர்? ‘சந்தேகத் தோமா.’ எனக்கு இதில் நெடுநாள் வருத்தம். இயேசு உயிர்த்தெழுந்தார் என்று மற்றச் சீடர்கள் சொன்னபோது, ஆணிக் காயத்தில் விரலை இட்டுப் பார்த்தால் ஒழிய நம்பமாட்டேன் என்று அவர் சொன்னார். எட்டு நாள் கழித்து வந்த ஆண்டவர் அவரைக் கடிந்து வெளியே அனுப்பினாரா? “உன் விரலை இங்கே நீட்டு” என்று கையைக் காட்டினார். தீர விசாரிக்க வந்தவனுக்கு உயிர்த்தெழுந்தவர் தம் உடம்பையே கொடுத்தார். “காணாதிருந்தும் விசுவாசிக்கிறவர்கள் பாக்கியவான்கள்” என்பது அதற்கு அடுத்துத்தானே வருகிறது என்று கேட்பீர்கள். வருகிறது. அது அந்த அறையில் இல்லாத நமக்காகச் சொல்லப்பட்ட ஆசீர்வாதம். கண்டு சொன்னவர்களின் சாட்சியை வாங்கிக்கொள்ளும் நமக்கு அது ஆறுதல். காணக்கூடியதைக் காணாமல் இருக்க அது அனுமதிச் சீட்டு ஆகாது. தெசலோனிக்கேயருக்கு எழுதிய முதல் நிருபத்தில் பவுல் சொல்வதைப் பாருங்கள்: “எல்லாவற்றையும் சோதித்துப்பார்த்து, நலமானதைப் பிடித்துக்கொள்ளுங்கள்.” என் தாத்தாவின் பழமொழியும் இந்த வசனமும் எனக்கு ஒரே வாக்கு.

இன்று மூன்று விஷயங்கள் பேசலாம் என்று வந்திருக்கிறேன். ஒன்று படைப்பு, இரண்டு அற்புதம், மூன்று பரிணாமம்.

படைப்பு. தோமா மரித்ததாகச் சொல்லப்படும் அதே பரங்கிமலையின் கல்லைப் பற்றிச் சொல்கிறேன். அந்தக் கல்லுக்குச் சார்னோகைட் என்று பெயர். கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறையில் பதித்த கல் சென்னைப் பக்கத்திலிருந்து போனது. அதைக் கண்டு தாமஸ் ஹாலந்து என்ற புவியியலாளர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இந்தப் பெயரை வைத்தார். இன்று உலகம் முழுவதும் இந்த வகைப் பாறைக்கு இதுவே பெயர். அதன் வயது ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகள். எப்படித் தெரியும்? இத்தகைய பாறைகளில் சிர்கான் என்ற மிகச் சிறிய படிகங்கள் உண்டு. அவற்றுள் சிக்கிய யுரேனியம் மெல்ல மெல்ல ஈயமாக மாறுகிறது. யுரேனியம்-238 பாதியாகக் குறைய 447 கோடி ஆண்டுகள் ஆகும். யுரேனியம் எவ்வளவு மிச்சம், ஈயம் எவ்வளவு சேர்ந்தது என்று அளந்தால் படிகம் பிறந்த காலம் கிடைத்துவிடும். இதுவும் டாலி கிளார்க் வேலைதான், எண்ணிப் பார்ப்பது.

பூமிக்கு ஆறாயிரம் வயதுதான் என்று நம்புகிற சகோதரர்கள் இந்த அறையிலேயே இருக்கிறார்கள். அவர்கள் பக்தியை நான் மதிக்கிறேன். ஆனால் நம் வீட்டு அடக்க ஆராதனைகளில் 90ஆம் சங்கீதம் வாசிக்கிறோமே, “உமது பார்வைக்கு ஆயிரம் வருஷம் நேற்றுக்கழிந்த நாள்போலவும் இராச்சாமம்போலவும் இருக்கிறது” என்று கண்ணீரோடு கேட்கிறோமே, அப்படிப்பட்ட கடவுளைத் தொழும் சபை 250 கோடியைக் கேட்டு ஏன் பதற வேண்டும்? மலை மூத்தது என்று தெரிந்த நாளில் எனக்கு அவருடைய மகிமை கூடியதே தவிரக் குறையவில்லை.

பேரண்டம் விரிகிறது என்று 1927இல் கட்டுரை எழுதியவர் ஒரு கத்தோலிக்கக் குருவானவர், பெல்ஜியத்தின் ஜார்ஜ் லெமேத்ர். 1951இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் அந்தக் கோட்பாட்டைப் படைப்புக்குச் சான்றாகக் காட்டியபோது அதை விரும்பாதவரும் அவரே. தன் கணக்கைத் தன் ஜெபத்துக்குச் சாட்சியாக நிறுத்த அவர் சம்மதிக்கவில்லை. இந்த நேர்மையை நான் மிகவும் நேசிக்கிறேன். நம் பக்கத்து வேப்பேரியில் ஊழியம் செய்து 1836இல் மறைந்த மிஷனரி ரோட்லர் ஐயர் செடிகளை உலர்த்திச் சேர்த்து வைத்தார். அந்தத் தொகுப்பு இன்றும் லண்டன் கியூ தாவரவியல் தோட்டத்தில் இருக்கிறது. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் அமெரிக்க மிஷனரி மருத்துவர் சாமுவேல் கிறீன் மேல்நாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். இவர்களைப் பற்றித் தனியாக ஒரு மாலை பேச வேண்டும்.

இனி அற்புதம். என் தம்பிக்குச் சிறு வயதிலிருந்தே இழுப்பு. இரவில் மூச்சு விசில் போலக் கேட்கும், விலா எலும்புகளுக்கு நடுவே தோல் உள்ளே குழியும். ஒரு ஜெபக் கூட்டத்துக்கு அம்மா அவனை அழைத்துப் போனபோது, மேடையில் இருந்தவர், “விசுவாசம் இருந்தால் அந்தக் குப்பியைத் தூக்கி எறி” என்றார். அது இன்ஹேலர். அம்மா அதிகம் படித்தவர் அல்லர். மேடையைப் பார்த்துக் கைகூப்பிவிட்டு, இன்ஹேலரைக் கைப்பையில் வைத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டார். அன்று இரவும் அவன் தலைமாட்டில் முழங்காலில்தான் இருந்தார். பவுல் தம் கூட்டாளியைப் “பிரியமான வைத்தியனாகிய லூக்கா” என்று எழுதுகிறார். வைத்தியத்தை விடச் சொல்லும் விசுவாசம் அப்போஸ்தலருக்குத் தெரியாத விசுவாசம். மருந்தை எறியச் சொல்கிறவர்களை மேடையேற்றாதீர்கள் என்று சேகரக் குழுவை இந்த மேடையிலேயே கேட்டுக்கொள்கிறேன்.

பின்பு ஒரு நாள் மருத்துவர் தம்பியைப் பரிசோதித்துவிட்டு அம்மாவிடம், “வீட்டைச் சுற்றி என்ன இருக்கிறது?” என்று கேட்டார். அந்தக் கேள்விதான் நம் பாடகர் குழு அங்கிக் கதைக்கு என்னை இழுத்து வந்தது. உங்களில் பலர் அதில் பங்கெடுத்தவர்கள். ஆனாலும் முழுவதும் சொல்லியாக வேண்டும்.

குருத்தோலை ஞாயிறுக்கு முந்தின நாள். பாடகர் குழுவின் வெள்ளை அங்கிகளை எல்லாம் பெண்கள் ஐக்கியத்து அத்தைமார் சோப்பும் நீலமும் போட்டு அலசி, ஆலய மொட்டைமாடியில் கயிறு கட்டிக் காயப்போட்டார்கள். மறுநாள் விடியற்காலை பாடகர் குழுத் தலைவர் மாடி ஏறினார். ஏறியவர் கத்திய கத்தலில் மணியடிக்க வந்த ஆலயப் பணியாளர் தாத்தா கயிற்றை விட்டுவிட்டார். அங்கிகளின் தோள்மடிப்பிலும் கைமடிப்பிலும் மிளகுத்தூள் தூவினாற்போல் கறுப்பு. தட்டினால் இழுவிக்கொண்டு சாம்பல் கோடாகிறது. ஆராதனைக்கு இன்னும் இரண்டு மணி நேரம்தான் இருக்கிறது! பணியாளர் தாத்தா பக்கத்துக் கல்யாண மண்டபத்து வாணவேடிக்கை என்றார். பாடகர் குழுத் தலைவர் லாரிப் புகை என்று அடித்துச் சொன்னார். ஓர் அத்தை தண்ணீர்த் தொட்டியைச் சந்தேகித்தார். இன்னொருவர் குரலைத் தாழ்த்தி, பாடகர் குழுவுக்குள் இருக்கும் சண்டைக்கு ஆண்டவர் காட்டும் அடையாளம் என்றார். சண்டை இருந்தது உண்மை, ஆகையால் அதை நம்பவும் ஆள் இருந்தது. ஆயர் ஐயா மேலே வந்தார். அங்கியைக் கையில் எடுத்துப் பார்த்தார். “இப்படியே அணிந்து வாருங்கள். இந்த ஊரின் தூசியோடு ஆண்டவரை வரவேற்போம்” என்றார். அப்படியே பாடினோம். அன்று “ஓசன்னா” பாடியபோது அழாதவர்கள் குறைவு.

ஆனால் என் தாத்தா பழமொழி என்னை விடவில்லை. காதால் கேட்டது நான்கு கதை. தீர விசாரிப்பது எப்படி? ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியை ஒருவர் வழி சொன்னார். கோபுரத்தின் நான்கு பக்கமும் வெள்ளைத் தட்டுகளில் தூசி ஒட்டிக்கொள்ள வாஸ்லின் களிம்பு தடவி வைத்தோம். ஒவ்வொரு நாளும் காற்று எந்தப் பக்கம் என்று வாலிபர் ஐக்கியத்துப் பிள்ளைகள் நோட்டில் குறித்தார்கள். மண்டபத்தில் விசேஷமே இல்லாத நாள்களிலும் கறுப்பு விழுந்தது. மூடி வைத்த தட்டில் விழவில்லை. கைலென்ஸில் பார்த்தால் பழுப்பு மண்ணுக்கு நடுவே கூர்முனையோடு பளபளக்கும் கறுப்புத் துணுக்குகள். காந்தத்தைக் காட்டினோம், துள்ளவில்லை. இரும்பாக இருக்க வாய்ப்புக் குறைவு. நிலக்கரித் தூளா, டீசல் கரியா? அதற்கு மேல் சொல்ல எங்களிடம் கருவி இல்லை. அங்கே நின்றுவிட்டோம்.

ராயபுரம் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரியும் இரும்புத்தாதுவும் கையாண்ட காலத்தில் வீட்டுத் தரையெல்லாம் தூசி. மக்கள் வழக்காடினார்கள். 2011இல் நீதிமன்ற உத்தரவால் அது நின்றது. சரக்கு எண்ணூர்ப் பக்கம் போயிற்று. எண்ணூரிலும் நம் மக்கள்தானே வாழ்கிறார்கள்?

இன்னொன்று. அங்கியில் படிந்தது கண்ணுக்குத் தெரிகிற பெரிய துகள். என் தம்பியின் நுரையீரலுக்குள் ஆழமாக இறங்குவது 2.5 மைக்ரோமீட்டருக்கும் சிறிய துகள். தலைமுடியின் தடிமனில் ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்கு. அங்கி வெள்ளையாகக் காய்ந்த நாளிலும் அது காற்றில் இருக்கலாம். கண்ணால் காண்பதும் பொய் என்று சொன்னவர்கள் சும்மா சொல்லவில்லை. அந்த நுண்துகள் ஒரு கன மீட்டர் காற்றில் ஆண்டுச் சராசரியாக 40 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்பது நம் நாட்டு விதி. உலகச் சுகாதார நிறுவனம் 2021இல் சொன்ன அளவு 5.

ஆகவே நான் கேட்டு வந்திருப்பது இதுதான். வட சென்னையில் இருக்கும் ஒவ்வோர் ஆலயக் கோபுரத்திலும் ஒரு சிறிய காற்றுத்தர மானி வேண்டும். பாய் அவர்களே, உங்கள் மினாராவிலும் வேண்டும். அண்ணன் அவர்களே, அம்மன் கோயில் மாடத்திலும் வேண்டும். மணலி, ராயபுரம், கொடுங்கையூர் ஆகிய இடங்களில் அரசு நிலையங்கள் இருக்கின்றன. அவற்றின் எண்களை இணையத்தில் யாரும் பார்க்கலாம். ஆனால் அந்த இடங்களுக்கு நடுவே எத்தனை தெரு, எத்தனை பள்ளிக்கூடம்! சிறிய மானி ஒரு கைப்பேசி விலைக்குள் அடங்கும். உள்ளே ஒரு லேசர் கதிர், காற்றைச் சிறு விசிறி இழுக்கிறது, துகள் கதிரில் பட்டுச் சிதறும் ஒளியை எண்ணிக் கணக்கிடுகிறது. அதற்கு ஒரு குறை உண்டு. நம் கடற்கரை ஈரத்தில் துகள் நீரை உறிஞ்சி உப்பும், மானி கூடுதலாகக் காட்டும். அதனால் முதலில் அரசு நிலையத்துக்குப் பக்கத்தில் சில வாரம் வைத்து ஒப்பிட்டுத் திருத்திய பிறகே கோபுரத்தில் ஏற்ற வேண்டும். தப்பான எண்ணை நாமே பரப்பினால் ஜெபக் கூட்டத்து மேடைக்காரருக்கும் நமக்கும் வித்தியாசம் இல்லாமல் போகும்.

காற்றை அளப்பது சபையின் வேலையா என்று சேகரக் குழுவில் ஒருவர் கேட்டாராம். பூமியும் அதன் நிறைவும் கர்த்தருடையது என்று ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம். அவருடைய காற்றில் என்ன கலக்கிறது என்று அவருடைய ஆலயம் கேட்காமல் வேறு யார் கேட்பது? இடிதாங்கிக்கும் மின்விளக்குக்கும் கோபுரத்தில் இடம் கொடுத்தோம். இதற்கும் கொடுங்கள்.

மூன்றாவது, பரிணாமம் என்று சொன்னேன். ஆயர் ஐயா கடிகாரத்தைப் பார்க்கிறார். உயிர்கள் ஒன்றிலிருந்து ஒன்று கிளைத்த வரலாற்றை நான் ஏற்கிறேன், மனிதர் தேவ சாயலில் உண்டாக்கப்பட்டவர் என்பதையும் முழு மனதோடு நம்புகிறேன். விரிவாகப் பேச ஆயர் ஐயா இன்னொரு நாள் கொடுக்க வேண்டும்.

வாசலில் பெண்கள் ஐக்கியத்து மேசையில் ஒரு தாள் இருக்கிறது. எந்தத் தெரு, மாடி இருக்கிறதா, மின்இணைப்பு உண்டா, வீட்டில் இழுப்பு உள்ள பிள்ளை உண்டா என்று நான்கு கேள்விகள். நிரப்பிக் கொடுத்துவிட்டுப் போங்கள். மாமன்ற உறுப்பினர் அக்கா முதல் தாளை நிரப்புவதாகச் சொல்லியிருக்கிறார். வருகிற சனிக்கிழமை காலை கோபுரத்தின் மேல் தட்டில் மின்கம்பி இழுக்கிறோம். உயரத்தில் ஏறப் பயமில்லாத அண்ணன்மார் இரண்டு பேர் வேண்டும். ஏணியைப் பாய் அவர்கள் தருகிறார்.